உளிக்கு வேண்டியது வைக்கோல் நிறம்

ஹார்டுவேர் கடையில் உளி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிடியைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் முதுகைப் பார்ப்பேன். கடைக்காரர் மேசையில் கண்ணாடி போட்டிருந்தால் உளியின் தட்டைப் பக்கத்தை அதன்மேல் படுக்கவைத்து, மூலைகளை விரலால் அழுத்திப் பார்ப்பேன். ஆடினால் வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். முதுகு வளைந்த உளியை வீட்டில் தேய்த்துச் சமமாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும்.

எனக்கு வேலை கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில். பகல் முழுக்க மைக்ரோமீட்டரும் டயல் கேஜும். சாயங்காலம் வந்தால் மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர் நிறுத்தவென்று கட்டிய இடத்தில் என் பட்டறை. ஸ்கூட்டர் இப்போது வெயிலில் நிற்கிறது. ஸ்டூல், அலமாரி, பூஜை மாடம் என்று சின்ன மரவேலைகள்தான் செய்கிறேன். ஆனால் சில வருடங்களாக மரத்தோடு இருப்பதைவிட உளியோடும் இழைப்புளியோடும்தான் அதிக நேரம் போகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, வீட்டில் உள்ளவர்களுக்கு உண்டு. அலமாரிக்கு இன்னும் கதவு வரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் சொந்தமாக உளி செய்ய இறங்க வேண்டாம். கரி, எண்ணெய், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் எல்லாம் கணக்குப் பார்த்தால் நல்ல உளியாகவே ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் ஓர் உளியை நாமே காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பதம் பார்த்து எடுத்துவிட்டால், அப்புறம் அதைத் தீட்டுவதில் பயம் போய்விடும். கூர் ஏன் மடிகிறது, ஏன் தெறிக்கிறது, கிரைண்டரில் வைத்தால் ஏன் கெட்டுப்போகிறது என்ற எல்லாவற்றுக்கும் விடை சூட்டில்தான் இருக்கிறது. சூட்டைப் புரிந்துகொண்டவருக்குத் தீட்டுவது பாதி முடிந்த வேலை.

இரும்பு கிடைப்பது உக்கடம் பழைய இரும்புக் கடைகளில், கிலோ கணக்கில். நான் தேடுவது வண்டிகளின் ஸ்பிரிங் பட்டை, தேய்ந்துபோன அரம், மோட்டாரில் ஓடும் இரும்பு ரம்பமான பவர் ஹேக்ஸாவின் பிளேடு. கட்டடக் கம்பியை அடித்து உளி செய்யும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. பார்க்க நன்றாக இருக்கும், கூர் நிற்காது. கம்பியில் கரிமம் 0.3 சதவீதத்துக்குள்தான். எத்தனை தரம் பழுக்கக் காய்ச்சி முக்கினாலும் உளிக்கு வேண்டிய கடினம் அதற்கு வராது. ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். நல்ல அரத்தில் 1 சதவீதத்துக்கும் மேல். கரிமம் கூடக்கூடக் கூர் நீண்ட நேரம் நிற்கும், அதே அளவுக்கு நொறுங்கவும் பார்க்கும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டை ஒத்துப்போவது இதனால்தான், ஓங்கி வெட்டினாலும் உடையாது. நானும் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடி வாங்கப்போகும் உளிக்குப் பட்டையை எடுக்கிறேன். கையாலேயே தள்ளிச் சீவும் மெல்லிய உளிக்கு அரம்.

எந்த இரும்பு என்று சந்தேகம் வந்தால் கிரைண்டரில் ஒரு மூலையைக் காட்டிப் பொறியைப் பார்த்தால் போதும். சாதா இரும்பில் பொறி நீளக் கோடாக ஓடும், கிளை குறைவு. கரிமம் கூடிய இரும்பில் நுனி வெடித்துப் பலவாகப் பிரியும். சூடேறினாலும் கடினம் குறையாத ஹைஸ்பீடு ஸ்டீலில் மங்கிய செம்மஞ்சள் கோடு மட்டும் வரும், வெடிப்பே இருக்காது. கடைக்காரர்களுக்கு இது அத்துப்படி. சிலர் கையில் தூக்கிப் போட்டுச் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பழைய பட்டையில் ஒரு ஆபத்து உண்டு. பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். எண்ணெயில் முக்கும்போது அது வாய் பிளக்கும், அதுவரை செய்த வேலையெல்லாம் வீண். தரம் பார்க்கிறவன் புத்தி எங்கே போகும்? பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டிப் பொடியைத் தூவுவேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் இருட்டுக் கோடாக எழும்பும். ஒர்க்‌ஷாப்களில் ரொம்பக் காலம் இருந்த முறைதான் இது. இப்போது அதே வேலைக்குச் சிவப்புச் சாய டப்பா வந்துவிட்டது.

பட்டை வளைவாக இருக்கும், அதை நிமிர்த்த என்னிடம் சம்மட்டியும் இல்லை, தோளும் இல்லை. துடியலூர் பக்கம் ஒரு கொல்லுப் பட்டறைக்குப் போவேன்.

“ஏனுங்ண்ணா, இதக் கொஞ்சம் நேராக்கித் தர முடியுங்களா?”

“உளிக்குங்களா? எவ்வளவு அகலம் வேணும்னு கோடு போட்டுக் குடுங்க. அடிச்சுச் சாம்பல்ல பொதச்சு வைக்கறன், காலைல வந்து எடுத்துக்கங்க.”

சாம்பலில் புதைப்பதுதான் முக்கியம். செக்கச் சிவந்த இரும்பு சாம்பலுக்குள் ராத்திரி முழுக்க மெதுவாக ஆறினால் மெத்தென்று ஆகிவிடும். ஹேக்ஸாவும் அரமும் அதில் ஓடும், துளை போடலாம். இந்த நிலையில்தான் உளியின் உருவத்தை முடிக்க வேண்டும். நுனியை மட்டும் கூராக்கக் கூடாது, 1 மி.மீ. கனம் விட்டு வைக்க வேண்டும். மெல்லிய விளிம்பு உலையில் முதலில் சூடேறிக் கருகிவிடும், கரிமமும் போய்விடும். அரத்தில் செய்வதாக இருந்தால் பல் வரிகளை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஒரு வரி மிச்சமிருந்தாலும் விரிசல் அங்கே ஆரம்பிக்கும்.

இனி தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது. இதற்கு உலை என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். தரையில் செங்கல் அடுக்கிய பள்ளம், ஒரு இரும்புக் குழாய், அதன் வாயில் பழைய ஹேர் டிரையர். கரிக்குக் காங்கேயம் பக்கம் சுடும் தேங்காய்த் தொட்டிக் கரி. சூடு நிறையக் கொடுக்கும், புகை குறைவு. காற்றைக் கூட்டினால் உளியையே எரித்துவிடும் அளவுக்கு ஏறும், அதனால் அவசரம் கூடாது. பொழுது சாய்ந்த பிறகுதான் தொடங்குவேன். வெயிலில் எந்தச் சிவப்பும் சிவப்பாகத் தெரியாது.

நிறத்தை மட்டும் நம்புவதும் சரியில்லை. ஒரு கம்பியில் கட்டிய காந்தம் வைத்திருக்கிறேன். இரும்பு 770 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காந்தத்தை விட்டுவிடும். உளியை உலையிலிருந்து எடுத்துக் காந்தத்தில் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் சூடு. அரத்துக்கு 800 சுமாரில் நிறுத்திக்கொள்ளலாம், ஸ்பிரிங் பட்டை 850 வரை கேட்கும். பழக்கத்தில் அந்த இரண்டு சிவப்புக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கும். அந்தச் சூட்டில் இரும்புக்குள் வேண்டிய அளவு கரிமம் கரைந்திருக்கும். அதைச் சட்டென்று குளிரவைத்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடினம் என்பது அந்தச் சிக்கல்தான்.

முக்குவதற்குக் கடலை எண்ணெய். கொஞ்சம் வெதுவெதுப்பாக, 50, 60 டிகிரியில் இருந்தால் நல்லது, குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக ஒட்டிக்கொண்டு சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். தண்ணீரில் முக்கினால் ‘டிக்’ என்று விரிசல் விடும் சத்தம் கேட்கலாம். அதைக் கேட்டால் அடுத்த பட்டையைத் தேட வேண்டியதுதான். வேலை முடிந்த என்ஜின் ஆயிலைச் சிலர் எடுக்கிறார்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, நான் கிட்டவே வைப்பதில்லை. உளியை நுனி கீழாக நேராக இறக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டில் ஆட்டினால் முறுக்கிக்கொள்ளும். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு இரும்பு மூடி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியைப் போட வேண்டும்.

ஆறியதும் ஒரு நல்ல அரத்தை விளிம்பில் ஓட்டிப் பார்ப்பேன். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. இப்போது அந்த உளி தரையில் விழுந்தால் நொறுங்கும். அன்றைக்கே பதம் பார்த்துவிட வேண்டும், அதாவது மிதமாக மறுபடி சூடாக்கி நொறுங்கும் குணத்தைக் குறைக்க வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் தானாகவே விரிசல் விடலாம்.

கொல்லர் கண்ணளவில் அடுப்பு ஓரத்தில் வைத்து நிறம் பார்த்து எடுத்துவிடுவார். எனக்கு அந்தக் கண் கிடையாது, கேக் சுடும் மின்சார அடுப்பான ஓ.டி.ஜி. அவன் உண்டு. உளியின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து உள்ளே வைத்தால் நிறம் வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கலாம். முதலில் வெளிர் மஞ்சள். 220, 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம். 250ஐத் தாண்டினால் பழுப்பு, 270, 280இல் ஊதா, 300இல் நீலம். நீலம் ஸ்பிரிங்குக்கு நல்லது, உளிக்கு ஆகாது. பட்டையில் செய்த உளிக்கு 200ஐ ஒட்டி, அரத்தில் செய்ததற்கு 220, ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். அவனின் திருகில் உள்ள எண்ணை நம்பக் கூடாது, உள்ளே வைக்கும் தனி வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது. “உளி வெந்துருச்சா?” என்று வீட்டம்மா சமையலறையிலிருந்து கேட்டதோடு சரி, இரண்டு வாரத்தில் கேக்குக்கு வேறு அவன் வந்துவிட்டது. பழையது மாடிப்படிக்குக் கீழே குடிவந்துவிட்டது.

பிடிக்குக் கருவேலம். பழைய மாட்டு வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் கிடைத்தால் விடாதீர்கள், அதைவிடக் காய்ந்த கருவேலம் எங்கேயும் கிடைக்காது. பூணுக்கு ஏ.சி. மெக்கானிக் வெட்டிப் போடும் செப்புக் குழாய்த் துண்டு. கொட்டாப்புளிக்குப் புளிய மரம். கறிக் கடையில் கட்டையாகக் கிடந்து வெட்டு வாங்குகிற மரம், நம் அடியையும் தாங்கும்.

தீட்டுவதற்கு வருவோம். எத்தனை விதமான கல், எத்தனை விதமான சண்டை! எண்ணெய்க்கல், ஜப்பான் தண்ணீர்க்கல், வைரத் தகடு, எதில் வேண்டுமானாலும் நல்ல கூர் வரும். ஆரம்பிக்கிறவருக்கு நான் சொல்வது கண்ணாடிக் கடையில் வெட்டிப்போட்ட 10 அல்லது 12 மி.மீ. கண்ணாடித் துண்டும், பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரும். கண்ணாடிமேல் தண்ணீர் தெளித்துத் தாளைப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான 220 நம்பர் தாளில் தொடங்கி 400, 800, 1500, 2000 என்று மழமழப்பான தாளுக்கு ஏறிக்கொண்டே போகலாம். தாள் சீக்கிரம் தேயும், நாள்பட்டால் கல்லைவிடச் செலவு ஆகும். ஆனால் கண்ணாடி குழி விழாது. சமதளம் என்றால் என்ன என்று கை முதலில் கற்றுக்கொள்ள அது போதும்.

முதுகு முதல் வேலை, ஒரே ஒரு தரம் செய்தால் போதும். நுனியிலிருந்து 25 மி.மீ. நீளத்துக்கு முகம் தெரிகிற அளவு மினுக்க வேண்டும். கூர் என்பது இரண்டு பக்கங்கள் சந்திக்கும் கோடு. சரிவுப் பக்கத்தை என்னதான் தீட்டினாலும் முதுகில் கீறல் இருந்தால் அந்தக் கோடு ரம்பப் பல்லாகத்தான் இருக்கும். நிறையப் பேர் இதைச் செய்யாமல் சரிவை மட்டும் தீட்டிவிட்டு உளியைத் திட்டுகிறார்கள்.

சரிவு 25 டிகிரி. நுனியில் மட்டும் 30 டிகிரியில் மெல்லிய இரண்டாவது சரிவு. ஒவ்வொரு முறையும் தீட்டுவது அந்த மெல்லிய கோட்டை மட்டும்தான், நாலைந்து இழுப்பில் முடிந்துவிடும். கையாலேயே கோணம் பிடிக்கிறவர்களுக்குக் கும்பிடு. நான் சக்கரம் வைத்த கைடு வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் இறுக்கும் பழைய மாதிரியில் உளி 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் 25 டிகிரி, 30 மி.மீ. என்றால் 30 டிகிரி. இழைப்புளித் தகட்டை இறுக்கும் இடம் உயரத்தில் வேறு என்பதால் அதற்கு 50, 38. இந்த நான்கு அளவுக்கும் பிளைவுட் துண்டில் கட்டை அடித்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் ஸ்கேல் தேட வேண்டியதில்லை.

எப்போது தாளை மாற்றுவது? பிசிறு சொல்லும். சரிவுப் பக்கம் தேய்க்கத் தேய்க்க முதுகுப் பக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்தால் தட்டுப்படும். அகலம் முழுக்கப் பிசிறு வந்திருந்தால்தான் அடுத்த தாள். நடுவில் ஓரிடம் தட்டுப்படவில்லை என்றால் அந்த இடத்தில் கூர் இன்னும் சந்திக்கவில்லை. கடைசியில் முதுகைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு, பிசிறு போய்விடும். அப்புறம் பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, பஃபிங் கடையில் கிடைக்கும், மெருகேற்றும் பச்சைக் கட்டியைப் பூசிய வார். உளியைப் பின்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். நாலு இழுப்புக்கு மேல் போனால் விளிம்பு உருண்டுவிடும், தீட்டியது வீண்.

கை முடியைச் சிரைத்துக் காட்டுவது வேடிக்கைக்குச் சரி. நான் பார்ப்பது பைன் பெட்டிப் பலகையைக் குறுக்கே அறுத்த வெட்டு முகத்தை. மெத்தென்ற மரத்தின் வெட்டு முகம் மழுங்கிய உளிக்கு உதிர்ந்து பொடியாகும், கூரான உளிக்கு மெழுகு மாதிரிச் சீவும். இன்னொரு வழி, விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடிப்பது. வெள்ளைக் கோடு தெரிந்தால் மழுங்கல். கூருக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப இடம் கிடையாது.

தேக்கில் வேலை செய்கிறவர்கள் தீட்டும் மேடையைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தேக்குக்குள் மணலின் சரக்கான சிலிக்கா இருக்கிறது, எந்த எஃகையும் தின்றுவிடும். எழுந்து போய்த் தீட்ட வேண்டும் என்றால் யாருமே தீட்ட மாட்டோம், மழுங்கிய உளியை இன்னும் பலமாக அடிப்போம். கையில் காயம் படுவது அப்போதுதான். தீட்டிய கையோடு மரத்தைத் தொடவும் கூடாது. கல்லிலிருந்து வரும் கறுப்புச் சேறு இரும்புப் பொடிதான். கருவேலத்திலும் வேங்கையிலும் உள்ள துவர்ப்பு அதோடு சேர்ந்தால் மையாகப் பிடித்துக்கொள்ளும், இழைத்தால் ஒழியப் போகாது.

கிரைண்டரை நான் வெறுக்கவில்லை. நுனி உடைந்த உளியை வழிக்குக் கொண்டுவர அது வேண்டும். ஆனால் நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் நீலமாகிவிடும். பதம் பார்க்கும்போது ஸ்பிரிங்குக்கு நல்லது என்று சொன்னேனே, அதே நீலம். அந்த இடம் இனி ஸ்பிரிங், உளி இல்லை. மேலாகத் தேய்த்து நீலத்தைப் போக்கினால் நிறம்தான் போகும், பதம் திரும்பாது. நீலம் ஏறிய அளவுக்கு நுனியை மெதுவாகத் தேய்த்து எடுப்பது ஒன்றுதான் வழி. அதனால் பக்கத்தில் தண்ணீர், தொட்டுத் தொட்டு எடுப்பது, கையுறை இல்லாத விரலை நுனிக்கு அருகில் வைத்திருப்பது. விரலுக்குச் சுட்டால் இரும்புக்கும் சுடுகிறது. இதில் தப்பிப்பது பவர் ஹேக்ஸா பிளேடு மட்டும். அந்த ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரிக்கும் அசராது. லேத் பட்டறைகளில் தேய்ந்ததைத் தூக்கிப் போடுவார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தோய்ச்சல் எதுவும் தேவையில்லை, உருவத்துக்குத் தேய்த்துக்கொண்டால் கோடு கிழிக்கும் கத்தி தயார். இருக்கிற கருவிகளிலேயே நான் தினமும் தொடுவது அதைத்தான்.

எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருக்கிறார், வயதானவர். இப்போதெல்லாம் மைக்கா ஒட்டும் வேலைதான் அதிகம் வருகிறது என்று புலம்புவார். என் கண்ணாடியையும் தாள்களையும் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எதுக்குங்க சார், எங்கப்பா ஒரே கல்லுல காலந்தள்ளுனாரு” என்றார். அந்தக் கல்லைக் காட்டினார். நடுவில் குழி விழுந்து கிடக்கிறது. ஆனால் முதுகைத் தீட்டக் கல்லின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார், அது மட்டும் சமமாக இருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்த வித்தை. கண்ணாடிமேல் 220 தாளைப் போட்டுக் குழியையும் சமப்படுத்தித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அவருக்குப் பிடித்தது ஸ்கிரேப்பர். பல் மட்டும் கறுநீலமாக இருக்கும் கைரம்பங்களை அரம் போட்டுத் தீட்ட முடியாது, பல் தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தத் தகட்டில் பல்லை வெட்டிவிட்டு உள்ளங்கை அளவு நறுக்கி, விளிம்பை அரத்தால் சதுரமாக்கிக் கல்லில் தேய்த்து, என்ஜின் வால்வுத் தண்டால் அழுத்தி இழுத்தால் விளிம்பு கொக்கியாக மடியும். உளியில் நாம் எடுத்துப் போடும் பிசிறை இதில் வேண்டுமென்றே வளர்க்கிறோம். வேங்கையில் நரம்பு அங்கங்கே திசை மாறி ஓடும், இழைப்புளி பிய்த்துவிடும். அங்கே இந்தத் தகடு வழுவழுவென்று சீவும். ஆசாரி அதை வாங்கி ஒரு கதவுச் சட்டத்தில் இழுத்துப் பார்த்தார். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இழைப்புளியும் இந்த வழியில் ஒன்று செய்தேன். கட்டையைக் குடைய எனக்குப் பொறுமை இல்லை. பழைய தேக்கு நிலைச் சட்டத்தின் இரு பக்கமும் பலகையாக அறுத்தெடுத்துவிட்டு, நடுக்கட்டையை 45 டிகிரியில் வெட்டி, பலகைகளை ஃபெவிகால் போட்டு மறுபடி ஒட்டினால் தகடு உட்காரும் பள்ளம் தானாகக் கிடைத்துவிடும். குறுக்கே ஒரு குச்சி, ஒரு ஆப்பு. அடியில் கருவேலப் பலகை. தகடு பவர் ஹேக்ஸா பிளேடுதான், 2 மி.மீ. கனம். மெல்லியது என்பதால் படுக்கும் இடம் கொஞ்சமும் ஆடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழைக்கும்போது அதிர்ந்து மரத்தில் வரிவரியாக விழும். சீவல் நுழையும் வாய் அரை மி.மீ. திறந்தால் போதும். தகட்டைச் சின்னக் கொட்டாப்புளியால் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்முனையில் தட்டினால் ஏறும்.

தேக்குக்கும் சில்வர் ஓக்குக்கும் 45 டிகிரி நன்றாகப் போகிறது. வேங்கைக்கு இன்னும் நிமிர்ந்து நிற்க வேண்டும், 55 டிகிரி என்று வைத்திருக்கிறேன். அதற்கான கட்டை அறுத்து மாடியில் காய்கிறது. அலமாரிக் கதவு அதற்கு அப்புறம்தான்.